அச்சில் இல்லாத வரி

“முதல் பதிப்பிலயும் அந்த வரி இல்லம்மா” என்றார் ஆவுடையப்பன்.

ரெஜினா பாளையங்கோட்டையில் பழைய நாவல்களுக்கு பைண்டிங் செய்பவர். தாளைத் தடவியே எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடுவார். அதைக் கற்றுக்கொள்ள ஆவுடையப்பன் ஆறு வருடமாக வருகிறார். ரெஜினாவை விடப் பதினெட்டு வயது மூத்தவர்.

“எந்த வரி அண்ணாச்சி?”

“கதையில தம்பியை பம்பாய்க்கு அனுப்பிட்டு அக்காக்காரி வீட்டுக்குள்ள வருவா. ‘கதவைச் சாத்தினாள். தாழ் மட்டும் போடவில்லை.’ அந்த வரிக்காகத்தாம்மா நான் நாவல் சேர்க்கவே ஆரம்பிச்சேன்.”

“சரி.”

“எல்லாப் பதிப்பும் பார்த்தாச்சு. ‘கதவைச் சாத்தினாள்.’ அதோட சரி. வரியை ஏன் வெட்டுனீங்கன்னு பதிப்பகத்துக்கு மூணு கடுதாசி போட்டேன். பத்திரிகையில வந்தப்பவும் அப்படி ஒரு வரியே கிடையாதுங்கான்.”

“நீங்க எதுல படிச்சீங்க?”

“பத்திரிகையில தொடரா வந்தப்போ. வாரா வாரம் கிழிச்சுச் சேர்த்து, எங்கக்கா செண்பகம் பைண்ட் பண்ணி வச்சிருந்தா.”

“அது இருக்கா?”

“டிரங்குப் பெட்டியில கிடக்கு. அலமாரியில வைக்கல. குறைப் பிரதி.”

“என்ன குறை?”

“ஒரு வாரத்துத் தாள் இல்ல. வீட்டுல யாரோ அதுல கடலை மடிச்சிட்டாங்க. பக்கத்து வீட்டுல இரவல் வாங்கி, அக்கா நோட்டுத்தாள்ல பார்த்து எழுதிச் சேர்த்தா.”

ரெஜினா பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு ரெண்டையும் கொண்டு வாங்க.”

மறுநாள் மேசையில் இரண்டும் இருந்தன. முதல் பதிப்புக்குக் கண்ணாடித்தாள் உறை. மற்றதற்குப் பழைய பாவாடைத் துணியில் அட்டை.

“நான் அச்சை வாசிக்கேன். நீங்க அக்கா எழுதினதை வாசிங்க” என்றார் ரெஜினா.

ஆளுக்கு ஒரு வாக்கியமாக வாசித்தார்கள். ஒரு பக்கம் வரை பிசகில்லை.

“கதவைச் சாத்தினாள்” என்றார் ரெஜினா.

“கதவைச் சாத்தினாள்” என்றார் ஆவுடையப்பன். “தாழ் மட்டும்...”

நிறுத்தினார்.

நீல மை. கொஞ்சம் சாய்ந்த எழுத்து. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன பெண்ணின் எழுத்து.

“பாத்து எழுதுன்னா சொந்தமா எழுதிவச்சிருக்கா” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நோட்டுத்தாளை விரலால் நீவிவிட்டார்.

“இது வந்தப்போ எனக்குப் பதினொரு வயசு. அந்த வருசந்தான் என்னை பம்பாய்க்கு, சித்தப்பா வீட்டுக்கு அனுப்புனாங்க.”

“அக்கா இப்ப எங்க இருக்காக?”

“அம்பாசமுத்திரத்துல.”

“பஸ்ல ஒரு மணி நேரந்தான். அடிக்கடி போவீங்களோ?”

“பேச்சு நின்னு ஒம்பது வருசம் ஆச்சு.”

“ஏன்?”

ஆவுடையப்பன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவ மக கல்யாணம். நான் தாய்மாமன். மாலை எடுத்துக் குடுக்க என்னைத் தேடியிருக்காங்க. நான் சென்னையில ஒரு புத்தக ஏலத்துல இருந்தேன்.”

“என்ன புத்தகம்?”

“இந்த நாவல்தான். ரெண்டாம் பதிப்பு. உள்ள அந்த வரி இருக்கும்னு நினைச்சேன்.”

கீழே தெருவில் ஒரு பஸ் போனது.

“இனி என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டாம்மா. நான் எந்த மூஞ்சியோட போவேன்?”

ரெஜினா முதல் பதிப்பை மூடி ஓரமாகத் தள்ளினார். துணி அட்டைப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். வெறும் தாள். அதன்மேல் தன் பேனாவை வைத்து அவரிடம் நீட்டினார்.

“ஊர்லயே ஒரு பிரதிதான் இருக்கு அண்ணாச்சி. எழுதினவங்களும் இருக்காங்க. அவங்க கையெழுத்து வாங்காம எப்படி அலமாரியில வைப்பீங்க?”