ஒரு கொட்டை, மூன்று முளை

முன்பு சுரபுன்னை நாட்டைச் செம்பியராயன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும். இல்லையென்றால் அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

கப்பலில் வந்த வியாபாரி ஒருவன் இரண்டு மாம்பழம் காணிக்கை வைத்தான். ராஜா இரண்டையும் தின்றான். கொட்டையையும் விடாமல் சப்பினான். முழங்கை வரை சாறு.

"இந்த ருசி என் மாந்தோப்புப் பழத்தில் ஏது? இந்த மரம் என் நாட்டில் வேண்டும்!"

தோட்ட அதிகாரி தில்லைராயர் ஓடிவந்து குனிந்தார். பத்து வருஷ அதிகாரி. நகக்கண்ணில் ஒரு நாள் மண் பட்டதில்லை. "கவலை எதற்கு, மகாராஜா? நான் முளைக்க வைக்கிறேன்."

பழம் நறுக்கித் தந்த மடைப்பள்ளிப் பெண் பொன்னுருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"என்ன சிரிப்பு?" என்றான் ராஜா.

"ஒண்ணுமில்லை, மகாராஜா. போன வருஷம் ஐயா துளசிக்குத் தண்ணி ஊத்தினாரு. துளசி போயிடுச்சு."

சபை குலுங்கியது. ராயர் முகம் கறுத்தது. "ஆளுக்கு ஒரு கொட்டை கொடுங்கள், மகாராஜா. வீட்டில் வைத்து வளர்க்கிறோம். நாற்பதாம் நாள் என் செடி உயர்ந்து நின்றால் இவள் மடைப்பள்ளியை விட்டுக் கிளம்ப வேண்டும்."

படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கும் அவளுக்கும் அந்த வேலைதான் கஞ்சி ஊற்றியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் ஜெயிச்சா தோட்டப் பொறுப்பு எனக்கு."

ராஜாவுக்கு ஒரே குஷி. "அப்படியே! இருவருக்கும் ஒரே மாதிரித் தொட்டி, ஒரே ஏரியின் கறுப்பு வண்டல். சபைக்கு வந்தபின் ஒரு தொட்டிக்குச் செய்வதைத்தான் மற்றதற்கும் செய்வேன்."

அன்று சாயங்காலமே பொன்னுருவி கொட்டையின் மேலோட்டைக் கத்தியால் நெம்பி, உள்ளே இருந்த பருப்பை எடுத்து ஈர மண்ணில் வைத்தாள். வேலை முடிந்தது.

ராயர் வீட்டில் அப்படியா? சோதிடரைக் கூப்பிட்டார். பதினெட்டாம் நாள்தான் முகூர்த்தம் என்றார் சோதிடர். அதுவரை கொட்டையைப் பட்டுத்துணி விரித்து வாசலில் காயப்போட்டார், விதைநெல் மாதிரி. தினமும் அந்தத் தெருவழியே வீட்டுக்குப் போகும் பொன்னுருவி பார்த்தாள். இத்தனை வெயிலில் காய்ந்தால் மாங்கொட்டையின் பருப்பு செத்துவிடும். 'இது முளைக்காது. வேறு செடியோடுதான் மனுஷன் வருவார்' என்று கணக்குப் போட்டாள். சொன்னால் யார் நம்புவார்கள்? அதிகாரி சொல்லுக்கு முன்னால் மடைப்பள்ளிக்காரி சொல் எடுபடுமா?

அவள் தொட்டியில் மூன்று முளை தலைநீட்டியது. சில மாங்கொட்டை அப்படித்தான். நோஞ்சான் இரண்டையும் கிள்ளக் கை போனது. பாதியில் நிறுத்தினாள். 'இருங்கடா கண்ணுகளா. உங்களால காரியம் ஆகணும்' என்று விட்டுவிட்டாள்.

நாற்பதாம் நாள். ராயர் தொட்டியில் இடுப்பு உயரச் செடி, கரும்பச்சை இலை. பொன்னுருவியின் தொட்டியில் சாண் உயரத்தில் மூன்று, செம்பு நிறத் தளிரோடு.

ராயர் மீசையை நீவினார். "பார்த்தீர்களா, மகாராஜா? இவள் செடிக்குச் சீக்கு. இலையெல்லாம் துருப்பிடித்திருக்கிறது."

"இளந்தளிரு அந்த நிறம்தான், ஐயா. தோட்டத்துப் பக்கம் போனாத்தானே தெரியும்?"

ராயருக்குச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தவர் துள்ளினார். "ஒரு கொட்டைக்கு மூன்று செடியா? மோசடி! வேறு கொட்டைகளையும் புதைத்திருக்கிறாள்!"

பொன்னுருவி தொட்டியை இரண்டு கையாலும் மறைத்தாள். "ஐயோ, ஐயா, மண்ணை மட்டும் கிளறச் சொல்லாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"பயத்தைப் பாருங்கள்! இப்போதே கிளற வேண்டும், மகாராஜா. இப்போதே!"

"கிளறுங்கள்" என்றான் ராஜா. "இரண்டையும்."

"இரண்டையுமா?" ராயர் தன் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "என்னுடையது எதற்கு? சின்னச் செடி, வாடிப்போகும்..."

"இடுப்பு உயரம் சின்னச் செடியா, ராயரே?"

பொன்னுருவி தன் தொட்டியில் தானே பதமாக விரல் விட்டாள். மண்ணோடு வந்தது ஒரே ஒரு கொட்டையின் பருப்பு. மூன்று முளையும் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. சபை எட்டிப் பார்த்தது.

அடுத்து ராயரின் செடி. வேரில் கொட்டையே இல்லை. ஆணிவேரை மண்வெட்டி வெட்டிய தடம். வேரைச் சுற்றிச் செம்மண் உருண்டை.

"கொட்டை எங்கே?"

"செடி... தின்றுவிட்டது, மகாராஜா."

"நான் கொடுத்தது கறுப்பு மண். என் மாந்தோப்பில்தான் செம்மண். செடி நடந்துபோய் அதையும் தின்றுவிட்டு வந்ததோ?"

ராயர் தடாலென்று காலில் விழுந்தார்.

ராஜா தோட்டத்துச் சாவியைப் பொன்னுருவி கையில் கொடுத்தான். "செடியை நடு. முதல் பழம் என் கைக்கு வரும்வரை இந்த ராயர் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றட்டும்."

"எத்தனை நாள் ஆகும்?" ராயர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மத்தவங்க வளர்த்தா ஏழெட்டு வருஷம், ஐயா" என்றாள் பொன்னுருவி, முதல் குடத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டு. "உங்க கைராசிக்கு நாப்பது நாள்ல இடுப்பு உயரம் வந்துச்சே. அடுத்த வாரமே காய்ச்சிடும், போங்க!"

ஊர் இன்னும் சிரிக்கிறது. கதை அவ்வளவுதான், போய் வேலையைப் பாருங்கள்.