செவ்வானக் கண்ணாடி

“என் தம்பியைக் கொல்ல ஆள் அனுப்பியவனே அவன் நினைவுச் சின்னத்தைத் திறந்து வைப்பதா, ஆசானே?”

மதலேனாள் கேட்டாள். அவள் கையில் சுத்தியல் இருந்தது.

ஆசான் சந்தியாகு ஈயச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதில் அவளுக்கு இளையவர். கண்ணாடி வேலையில் குரு.

“கேட்கிறேனே, காதில் விழவில்லையா?”

“ஊருக்கே விழுந்திருக்கும்.”

கடலோரக் கோயிலின் மேற்குச் சுவரில் அந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் உயர்ந்து நின்றது. இரண்டு மீனவ ஊர்கள் வெட்டி மடிந்த நாளில், வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவே சென்ற ஐவர் அதில் இருந்தனர். சென்றவர் எவரும் திரும்பவில்லை. கடைசி முகம் அவள் தம்பி பிலவேந்திரனுடையது. அவளே தீட்டி, அவளே சூளையில் சுட்ட முகம்.

நாளை திறப்பு விழா. திறப்பவர் தலைவர் மரியசூசை.

“படகு கொடுத்தவன் அவன். அரிவாள் கொடுத்தவன் அவன். இப்போது மாலையும் அவனே கொண்டு வருவானாம்!”

“ஆம்.”

“ஆமாவது! விழாக்குழு என்ன சொன்னது? ‘இரத்தம் வேண்டாம், கண்ணை உறுத்தும்.’ நீங்களும் தலையாட்டிவிட்டு, அந்த ஐவருக்குப் பின்னால் செவ்வானத்தை வைத்தீர்கள். உங்களுக்குக் கோபமே வராதா?”

ஆசான் துணியை மடித்து, மறுபுறத்தால் துடைத்தார்.

“அவன் கை படுமுன் நானே இதை உடைப்பேன்.”

“உடை.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

“தடுக்கமாட்டீர்களா?”

“தம்பி உன்னுடையவன். கையும் உன்னுடையது. எங்கே நின்று அடிப்பாய்?”

“இதோ, இங்கே!”

விறுவிறுவென்று நடந்து சாளரத்தின் நேர் எதிரே நின்றாள். வெளியே கதிரவன் கடலைத் தொட இறங்கிக்கொண்டிருந்தான். சுத்தியலை ஓங்கினாள்.

ஓங்கிய கை சிவந்திருந்தது.

முழங்கை வரை சிவப்பு. வெள்ளைச் சேலையின் மார்பெல்லாம் சிவப்பு. பதறிப் பின்வாங்கினாள், சேலை வெளுத்தது. ஓரடி முன்வைத்தாள், மீண்டும் கண்ணாடியின் செவ்வொளியில் நனைந்தது.

வெகுநேரம் தன் கையையே பார்த்தாள்.

“யார் நின்றாலுமா, ஆசானே?”

“யார் நின்றாலும்.”

“நாளை விழா எப்போது?”

“இதே பொழுதில்.”

“வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில்தான் வருவான்.”

ஆசான் மீண்டும் துடைக்கத் தொடங்கினார்.

மதலேனாள் சுத்தியலைக் கீழே வைத்தாள். ஓரத்தில் கிடந்த சிறப்பு விருந்தினர் நாற்காலியைப் பற்றி இழுத்தாள். கல்தரை கிறீச்சிட்டது. சிவப்பு விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

தரையில் நான்கு சுண்ணாம்புக் குறிகள் முன்பே இடப்பட்டிருந்தன. நாற்காலியின் கால்கள் அவற்றின் மேல் அணுவும் பிசகாமல் நின்றன.

அவள் நிமிர்ந்தாள்.

ஆசான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.