தழைக் காணிக்கை

கடம்பமலை அடிவாரக் குளத்தில் அல்லி என்ற தவளை முட்டையிட்டிருந்தது. முட்டைகள் பொரிந்து முந்நூறு தலைப்பிரட்டைகள் நீந்தின. அவற்றுக்குக் கால் முளைக்க இன்னும் இருபது நாள் வேண்டும். குளத்திலோ பத்து நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

மூன்று வருடமாகவே வெயில் ஏறிக்கொண்டும் மழை குறைந்துகொண்டும் இருந்தது. ஆனால் அந்தக் காட்டில் பக்திக்கு ஒரு குறைச்சலும் இல்லை. யானைகள் மலையைக் கும்பிட்டன. குரங்குகள் காற்றைக் கும்பிட்டன. மான்கள் மேகத்தைக் கும்பிட்டன. சாமிதான் வேறு, காணிக்கை ஒன்றுதான். மலை உச்சிச் சோலையின் பச்சைத் தழை. யானை கிளையை முறித்து வந்து அடிவாரப் பாறையடியில் சாத்தும். குரங்கு கொழுந்தைக் கிள்ளி வந்து தூவும். மான் கன்றுச்செடியை வேரோடு கவ்வி வந்து வைக்கும். ஒவ்வொரு கூட்டமும் தன் பக்கத்துச் சரிவில் மட்டுமே பறிக்கும்; தன் பக்கம் மொட்டையானாலும் மறுபக்கம் சோலை இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

மழை தவறியதும் ஒவ்வொரு கூட்டமும் அடுத்த கூட்டத்தைக் குறை சொன்னது. மற்றவர்களின் பூசை சரியில்லாததால்தான் சாமி கோபித்துக்கொண்டதாம். ஆகவே தங்கள் காணிக்கையை இரட்டிப்பாக்கின. அடுத்த வருடம் மழை இன்னும் குறைந்தது. காணிக்கை நான்கு மடங்கானது. இப்படியும் ஒரு புத்திசாலித்தனம்!

தவளைகளும் யோக்கியம் இல்லை. தாங்கள் பாடும் பாட்டுக்குத்தான் மழை இறங்கும், மற்றவர்கள் கும்பிடுவதெல்லாம் வெறும் கூத்து என்று குளத்துக்குள் இருந்தபடியே கேலி பேசின. அல்லியும் அதில் சேர்ந்து சிரித்ததுதான்.

இப்போது பிள்ளைகள் சுடுநீரில் தவித்தபோது அதற்குச் சிரிப்பு வரவில்லை. குளத்துக்கு நிழல் கட்ட ஒரு கிளை தரும்படி, குரங்குகளின் பூசாரியான கடுவனிடம் போய்க் கேட்டது. சாமிக்குப் படைத்ததைத் தவளைக்குத் தர முடியாது என்று கடுவன் விரட்டிவிட்டது. பாறையடியில் அந்தத் தழை யானை உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது.

நாமே ஒரு கிளை கொண்டுவருவோம் என்று அல்லி மலை ஏறியது. ஒரு தவளையால் கிளையைத் தூக்க முடியுமா என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் தவிக்கும்போது தாய்க்கு அதெல்லாம் தோன்றாது. இரண்டு நாள் தாவித் தாவி உச்சிக்குப் போனால், அங்கே சோலையே இல்லை. மொட்டைப் பாறையும் வெடித்த மண்ணும்தான் கிடந்தன. குளத்துக்கு நீர் அனுப்பும் ஊற்று நூலாக இளைத்திருந்தது. யாருக்கும் எட்டாத ஒரு சரிவில் பத்துப் பதினைந்து மரங்கள் தப்பியிருந்தன. அவற்றின் அடியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. அந்த நூல் நீரும் அங்கிருந்துதான் கசிந்தது. மற்ற இடமெல்லாம் கொதிக்க, அந்த மரங்களின் மேல் மட்டும் பனிமூட்டம் இறங்கியிருந்தது.

அல்லி அழுதது. பிறகு கீழே இறங்கியது.

அன்று பெரிய பூசை. மூன்று கூட்டமும் பாறையடியில் கூடியிருந்தன. யானைகளின் தலைவி மாதங்கிக்கு முன்னால் போய் அல்லி நின்றது.

"யானையம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சோலை யாருது?"

"இதென்ன கேள்வி? மலைச்சாமியோடது."

கடுவன் குறுக்கிட்டு அது காற்றுச்சாமியுடையது என்றது. மான்கள் மேகச்சாமியுடையது என்றன.

"எந்தச் சாமியா வேணா இருக்கட்டும். சாமி வீட்டுக் கூரையப் பிரிச்சு, அதையே சாமிக்குக் காணிக்கைன்னு வெச்சா, அதுக்குப் பேரு பக்தியா?"

கூட்டம் சீறியது. கடுவன் மிதிக்கப் பாய்ந்தது. அல்லி நகரவில்லை.

"நாங்களும் உங்க சாமிகளக் கேலி பண்ணோம். அது தப்பு, மன்னிச்சிருங்க. ஆனா ஒரு தடவ மேல போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து என்னை மிதிங்க."

மாதங்கி தும்பிக்கையால் கடுவனைத் தடுத்தது. அன்றே அல்லியையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் மலை ஏறினார்கள். மொட்டைப் பாறையைப் பார்த்ததும் கடுவன் முறிந்த ஓர் அடிமரத்தைத் தடவிப் பார்த்தது. எட்டாத சரிவில் தப்பிய மரங்களையும் அவற்றின் மேல் மட்டும் இறங்கிய பனிமூட்டத்தையும் அல்லி காட்டியது. மாதங்கிக்கு வெட்கமாக இருந்தது. முறிந்த அடிமரங்களில் பாதி தன் கூட்டம் முறித்தவை.

"மழை வரலன்னு கும்பிட்டோம். வந்து தங்குற எடத்த நாமளே அழிச்சிருக்கோம்," என்றது.

யாரும் தங்கள் சாமியை விடவில்லை. காணிக்கையைத்தான் மாற்றிக்கொண்டார்கள். யானைகள் தொலைவில் ஓடிய ஆற்றிலிருந்து தும்பிக்கை நிறைய நீர் மொண்டுவந்து, அபிஷேகம் என்று தினமும் குளத்தில் ஊற்றின. குரங்குகள் காய்ந்த தழையை எடுத்துக் குளத்துக்குப் பந்தல் போட்டன. முதல் கிளையை வைத்தது கடுவன்தான். மான்கள் உச்சிச் சரிவில் மேய்வதில்லை என்று நோன்பு எடுத்தன. ஒவ்வொரு பூசை நாளிலும் எல்லாரும் பழ விதைகளைக் கொண்டுபோய் அங்கே புதைத்தார்கள். தவளைகள் மூன்று கூட்டத்தின் பூசைக்கும் பாடின.

தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. எல்லாம் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்துக் கரை ஏறின.

மழை உடனே கொட்டிவிடவில்லை. அந்த வருடம் வெறும் தூறல். மறு வருடம் இரண்டே மழை. மான்களின் நோன்பு கடினமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவை விடவில்லை. ஐந்தாம் வருடம் மரக்கன்றுகள் மானின் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. ஒருநாள் காலையில் அவற்றின் மேலும் பனிமூட்டம் இறங்கியிருப்பதைக் கடுவன் பார்த்தது. மூச்சிரைக்க ஓடிவந்து எல்லாரையும் கூப்பிட்டது. வந்தது யாருடைய சாமி என்று அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடவுளை எந்தப் பெயரில் வணங்கினாலும், அவர் தந்த மண்ணையும் மரத்தையும் சேர்ந்து காப்பதே அவருக்குச் செய்யும் முதல் பூசை.