தொட்டிலுக்குப் போன இரும்புக் காசு

முன்னொரு காலத்தில், பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடக்க, இரும்பின்மேல் ஆசை வைத்த அரசர் ஒருவர் இருந்தார். போரில் தம்மை வெல்லவைத்தது இரும்பு வாள்தான் என்று, அதைச் சிறப்பிக்க இரும்பிலேயே காசு அடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் வாள், மறுபக்கம் அவர் முகம். அரசர்களுக்கு வேறென்ன வேலை?

அவருடைய விகடகவி மருதப்பனுக்கோ மனமெல்லாம் கரட்டூரில் இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி பூவாத்தாள் அங்கே பெண் குழந்தை பெற்றிருந்தாள். குழந்தைக்குப் பல்லே முளைத்துவிட்டதாம். அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. விகடகவி அரசரைவிட்டுப் பிரியக் கூடாது என்பது அரண்மனை விதி. சபையைச் சிரிக்கவைத்துவிட்டு, தனியே போய் ஏங்கி ஏங்கி அழுவான்.

அவையோருக்கெல்லாம் காசு வழங்கியபோது, மருதப்பனைக் கண்டாலே ஆகாத கருவூலத் தலைவர் சேதிராயர் எழுந்தார்.

"அரசே, தங்கள் திருமுகம் பதித்த காசு தாங்களேதான். தங்களுக்குரிய மரியாதை அத்தனையும் இதற்கும் செய்ய வேண்டும். தவறினால் சிறை என்று ஆணையிடுங்கள்."

எதைக் கொடுத்தாலும் இடுப்பு மடியில் செருகுகிறவன் மருதப்பன். இன்று மாட்டுவான் என்பது அவர் கணக்கு. அரசரும் உச்சி குளிர்ந்து ஆணையிட்டார்.

மருதப்பன் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வாசலில் நின்ற சேதிராயரின் பல்லக்கில் அதைப் பட்டுத் திண்டின்மேல் அமர்த்தினான்.

"அரசர் கரட்டூருக்கு எழுந்தருளுகிறார், தூக்குங்கள்!"

யார் மறுப்பது? அரசரைப் பிரியாமல் அவனும் பல்லக்கோடு ஓடினான்.

சில நாள் கழித்து வெறும் பல்லக்கோடு திரும்பினான்.

"காசு எங்கே? அரசரைத் தொலைத்துவிட்டான்!" என்று துள்ளினார் சேதிராயர்.

"என் மகளின் தொட்டிலில் இருக்கிறார், அரசே. காத்துக் கருப்பு அண்டாமல் குழந்தை பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். எடுத்துவர மனம் வரவில்லை."

"அப்படியானால் என் காசின் மதிப்புதான் என்ன?" என்று கேட்டார் அரசர்.

"மாமனார் எடைபோட்டார், ஓர் ஆணிக்குத்தான் தேறுமாம். ஆனால் பொன்னாக இருந்தால் பெட்டியில் பூட்டியிருப்போம், அரசே. இரும்பானதால் பிள்ளையின் பக்கத்தில் வைத்தோம். இப்போது இங்கே ஓர் அரசர், அங்கே ஓர் அரசர். அடியேன் யாரைப் பிரியாமல் இருப்பது?" சொல்லும்போதே மருதப்பனின் குரல் உடைந்தது.

அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். பிறகு பை நிறையப் பொன் கொடுத்தார்.

"எனக்கு ஆயிரம் காவலர் உண்டு. தொட்டிலில் இருப்பவருக்குத் துணை நீதான். பிள்ளை நடை பழகியதும் மூவருமாக வாருங்கள். பல்லக்கையும் கொண்டுபோ, சேதிராயர் நடக்கட்டும்."

மருதப்பன் பல்லக்கில் ஏறவில்லை. விடைபெறவும் மறந்து, கரட்டூர்ப் பாதையில் ஓடினான். பல்லக்குத் தூக்கிகளால் அவனை எட்டிப் பிடிக்க முடியவில்லை.