சட்டம் போட்டவர் கையில் குழந்தை

நல்லூற்றுக்கோட்டைச் சீமையை ஒரு காலத்தில் உக்கிரவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டியவர். கட்டியும் பிள்ளைகள் வரவில்லை என்றதும் கோபம் வந்தது. அது ஆறுவதற்குள் மந்திரி திருவம்பலம் ஒரு சட்டத்தை நீட்டினார்: பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றவர்களுக்குச் சிறை.

முதலில் பிடிபட்டவள் மாடத்தி. அரண்மனைச் சமையற்கட்டில் மாவு அரைப்பவள். புருஷன் தவறிப்போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. சேவகர்கள் வீட்டிலிருந்தே ராஜசபைக்கு இழுத்து வந்ததால் கைக்குழந்தை இடுப்பிலேயே இருந்தது. தான் உள்ளே போனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் ஓடவில்லை.

"மூத்தவள் இசக்கி ஏன் பள்ளிக்கு வருவதில்லை?" என்றார் திருவம்பலம்.

"இவனைப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்கா, சாமி."

"எல்லாரும் சொல்லும் சாக்குதான், மகாராஜா. பெற்றவர்களுக்குப் பயம் இருந்தால் பிள்ளை தானாக வரும்."

கெஞ்சிப் பயனில்லை என்று மாடத்திக்குத் தெரிந்துவிட்டது. "சரிங்க, சிறைக்குப் போறேன். இவனைக் கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையை மந்திரியின் கையில் கொடுத்துவிட்டாள்.

குழந்தை அவர் மீசையைப் பற்றி இழுத்தது. பிறகு வீறிட்டது. கீழே விட்டால் குத்துவிளக்கை நோக்கித் தவழ்ந்தது. மறுபடி தூக்கினார், பட்டு அங்கவஸ்திரம் நனைந்தது.

"தீர்ப்பு ஓலையை வாசியும்," என்றார் ராஜா.

"இதை யாராவது வாங்கினால் வாசிப்பேன்."

ராஜா வேண்டாமென்று கண்ணைக் காட்டியதால் யாரும் கை நீட்டவில்லை.

"பெரிய மனுசராலயே ஓலையை விரிக்க முடியலை," என்றாள் மாடத்தி. "எம்மக பத்து வயசுக்காரி. அவ எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

ராஜா சிரித்துவிட்டார். "வேலைக்கு வரும்போது குழந்தையைக் கொண்டுவருவதுதானே?"

"கொண்டுவந்தா வாசல்லயே திருப்பிவிடுறாங்க, மகாராசா."

"யார் உத்தரவு அது?"

வாசல் காவலன் மந்திரியைப் பார்த்தான். திருவம்பலம்தான் மெல்லச் சொன்னார்: "தங்கள் உத்தரவுதான். மத்தியானத் தூக்கம் கெடுகிறதென்று."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "அப்படியானால் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு விடாமல் நிறுத்தி வைத்தது நான்தான்," என்றார்.

"வேணும்னே நிறுத்தி வைக்கிறவங்களும் ஊர்ல இருக்காங்க, மகாராசா. அவங்களைப் பிடிங்க, வேண்டாங்கலை. பிடிக்கிறதுக்கு முந்தி வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பாக்கட்டும்."

அந்த ஆள் திருவம்பலமே என்று தீர்ப்பானது. வீடு வீடாக, பல்லக்கில்லாமல். மாடத்திக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்த ராஜா, ஆட்டுக்கல் பக்கத்திலேயே தொட்டில் கட்டவும் சொன்னார்.

மறுநாள் இசக்கி பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் சமையற்கட்டிலிருந்து அழுகை கிளம்பியது. காவலன் பதறி ஓடிவந்து ராஜாவின் அறைக்கதவைச் சாத்தப் போனான்.

"திறந்தே இருக்கட்டும்," என்றார் ராஜா, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தபடி.