துடைத்தெடுத்த எண்ணெய்

கிறீச் என்று ஒரு சத்தம். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த துரு விட்டுக்கொடுக்கும்போது மட்டும் கேட்கிற சத்தம். இருதயராஜ் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அந்த போல்ட் இன்றைக்குக் கழன்றிருக்கக் கூடாது.

உக்கடத்துப் பழைய கார் சாமான் கொட்டகைகளில், துருப்பிடித்து அசையாத போல்ட் என்றால் பவுனம்மாளைத் தேடித்தான் வருவார்கள். முப்பத்தாறு வயதுதான், ஆனால் எல்லாருக்கும் அக்கா. நாற்பத்தெட்டு வயது இருதயராஜுக்கும் அக்கா. அவளோ அவரை அண்ணா என்பாள். மில்லை மூடியபின் அவளிடம் தொழில் கற்க வந்தார். ஏழு வருஷம் ஆகிறது.

பத்து மாதம் முன்னால் கமருதீன் வந்தான். அவன் கைவைத்ததெல்லாம் கழன்றது. இப்போது வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "கமருதீன் பாய் இருக்காருங்களா?" என்கிறார்கள். இருதயராஜ் எழுந்தால், "பரவால்லைங்க, அவரே வரட்டும்" என்கிறார்கள்.

அந்தப் 'பரவால்லைங்க' அவர் சாப்பிடும் சோற்றில் மண்ணாக விழுந்துகொண்டிருந்தது.

தடுப்புக்கு அப்பால், கற்களின்மேல் நிறுத்திய பழைய காருக்கு அடியிலிருந்து கமருதீன் கழன்ற போல்டைப் பற்றிப் பேசினான். "வந்துட்டா மகராசி. முப்பது வருஷக் கோவம். ஒரு முழம் பூ வாங்கிட்டு வந்திருந்தா காலைலயே வந்திருப்பா."

யாரோ சிரித்தார்கள். இருதயராஜ் நேரே பவுனம்மாளிடம் போனார். அவள் ஒரு இன்ஜினுக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள்.

"அக்கா, நான் இன்னையோட நின்னுக்கிறேனுங்க."

"ஏனுங்ண்ணா?"

"அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஏதோ ஒண்ணை எனக்கு நீங்க சொல்லித்தரல."

"எதை?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க கேக்கறேன்?"

அவள் மறுபடி இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை இருதயராஜால் தாங்க முடியவில்லை. தானாகச் சொல்லிவிட்டார்.

"காலைல நான்தான் முதல்ல வந்தேன். அவன் நேத்து அந்த போல்டுக்கு ஊத்தி ஊற வெச்சிருந்த எண்ணெயைத் துடைச்சு எடுத்துட்டேன். இடுக்குல துணியை விட்டுத் துடைச்சேன். அவன் கையில அது முறியணும்னு."

"தெரியும்."

"அவனுக்கு?"

"காஞ்சு கெடக்கறதப் பாத்தான். 'நேத்து ஊத்த மறந்துட்டேன் போலக்கா'ன்னான். மறுபடி ஊத்திட்டு இவ்வளவு நேரம் உக்காந்திருந்தான்."

கமருதீன் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் இருதயராஜுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இதிலும் அவன்தான் ஜெயித்தான்.

"இது போக மாட்டேங்குதுக்கா." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "என்னென்னவோ பண்ணிட்டேன். அவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு டீயக்கூட வேற கடைல குடிக்கறேன். கோயில்ல போய் முட்டி போட்டேன். இழுக்க இழுக்க உள்ளயே இறுகுது. என்னதான் பண்றது?"

பவுனம்மாள் ஸ்பானரை நீட்டினாள். இன்ஜினில் ஒரு போல்டைக் காட்டினாள். எண்ணெயில் ஊறி நின்றது அது.

"கழட்டுங்க."

இருதயராஜ் கழற்றும் பக்கமாக இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, தடுப்பையே பார்த்தபடி இழுத்தார். போல்டின் கழுத்து முறுகத் தொடங்கியது. இன்னும் ஒரு இழுப்பில் பாதி கையோடு வந்துவிடும், பாதி உள்ளேயே தங்கிவிடும்.

"நிறுத்துங்க. இறுக்குங்க."

"இறுகித்தானுங்க கெடக்குது."

"இன்னும் ஒரு மயிரிழை இறுக்குங்க."

எதிர்ப்பக்கம் அழுத்தினார். உள்ளே டக்கென்று ஏதோ விட்டது. பிறகு கழற்றும் பக்கம் திருப்பியபோது போல்ட் முனகிக்கொண்டே கூட வந்தது.

வெளியே வந்த போல்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மரையில் ஒரு சுற்றுகூடச் சிதையவில்லை.

"வந்த முதல் வாரமே நீங்க சொல்லிக்கொடுத்ததுதானுங்களே இது," என்றார்.

"ஆமா."

"நான் கேட்டது இது இல்லைங்க." மறுபடி நெஞ்சைத் தொட்டார்.

பவுனம்மாள் ஆணியில் தொங்கிய கைவிளக்கை எட்டி எடுத்தாள்.

"காருக்கடில அவனுக்கு இன்னும் மூணு போல்ட் இருக்கு. இருட்டு. போய் விளக்குப் பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். விலகி விலகி இழுத்துப் பாத்துட்டீங்க. கிட்டக்கப் பிடிங்ண்ணா. தள்ளிப் பிடிச்சா அவன் கை நிழலே மறைக்கும்."

இருதயராஜ் விளக்கை வாங்கிக்கொண்டார். தடுப்பைத் தாண்டிக் காருக்கு அருகே மண்டியிட்டபோது, பின்னால் பவுனம்மாள் கழற்றிய நட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்க்கத் தொடங்கியது கேட்டது.