திரைக்கு அந்தப் பக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வியாதிக்குத்தான் கத்தி எடுப்பார்கள். குடலிறக்கம். காய்ச்சல் என்று கலெக்டரே வந்தாலும் பக்கத்துத் தெருவுக்குக் கை காட்டிவிடுவார்கள். ஆனால் அடிவயிறு பிதுங்கிவிட்டது என்று தாராபுரத்திலிருந்தும் வருவார்கள், தஞ்சாவூரிலிருந்தும் வருவார்கள். அங்கே தைத்த இடம் மறுபடி பிரிவது அபூர்வம்.

பெரிய டாக்டர் மாசிலாமணியிடம் அங்கே தொழில் பழகியவன் சிவநேசன். நாற்பதைத் தாண்டியவன். பழகி முடித்ததும் ஈரோட்டில் சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டினான். அங்கேயும் குடலிறக்கம் மட்டும்தான். அதே ஊசி, அதே நூல், அதே தையல். தியேட்டர் விளக்கைக்கூட அதே கம்பெனியில் வாங்கினான்.

ஆனாலும் அவன் தைத்து அனுப்பியவர்கள் திரும்பி வந்தார்கள். கடைசியாக வந்தவர் மார்க்கெட்டில் வாழைத்தார் சுமக்கிறவர். திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. வேட்டியைத் தளர்த்திக் காட்டினார். தைத்த இடத்திலேயே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

அன்று சாயங்காலமே சிவநேசன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் ஆபரேஷனுக்கு இருப்பவர்களும் டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மாசிலாமணி ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"வா சிவநேசா. சாப்பிடறியா?"

"சாப்பாட்டுக்கு வரலீங்கய்யா. ஒண்ணு கேட்கணும்."

"உட்கார்ந்து கேளு."

அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தான். மடியில் கை வைத்துக்கொண்டான்.

"எனக்குச் சொல்லித் தராம எதை வெச்சுக்கிட்டீங்க?"

பெரியவரிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை. ஒரு நோயாளிதான் பதில் சொன்னார். "ரசத்துலதானுங்க ஏதோ இருக்குது. நானும் கேட்டுப் பார்த்தேன், சமையக்காரம்மா சொல்ல மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன் சிரிக்கவில்லை.

"தெச்சது பிரியுதுங்கய்யா. ஆஸ்பத்திரியை மூடிடலாம்னு இருக்கேன்."

மாசிலாமணி இருமினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"நாளைக்குக் காலையில முதல் கேஸ் நீ பண்ணு. என்னன்னு பார்க்கலாம்."

"யாருங்க?"

"அறுபது தாண்டின ஆளு. இடது பக்கம். பொண்டாட்டி போயிட்டா, வீட்டுல தனி ஆள்தான். இப்பவே பார்த்து ரெண்டு வார்த்தை பேசிடறியா?"

"எதுக்குங்க? காலையில டேபிள்ல பார்த்துக்கறேன்."

பெரியவர் மறுபடி இருமினார். "சரி" என்றார்.

காலையில் தியேட்டர் தயாராக இருந்தது. டேபிளில் ஆள் படுத்திருந்தார். மேலே பச்சைத் துணி. முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் திரை. சிவநேசனுக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து தடவிய ஒரு சாண் தோல்.

"ரத்தம், சர்க்கரை எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார் சிஸ்டர் ஃபிலோமினா.

"ஐயா எங்கே? பார்க்கறேன்னாரே."

"இங்கதானுங்க இருக்கறாரு." சிஸ்டர் கத்திகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

அங்கே ஆளை மயக்க மாட்டார்கள். அறுக்கிற இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். சிவநேசன் ஊசியை எடுத்தான். எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாருக்கு, சிவநேசா?"

ஊசி அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரையை விலக்கினான். தலையணையில் மாசிலாமணியின் முகம்.

"ஐயா!"

"ம்."

"இது என்ன விளையாட்டுங்க?"

"விளையாட்டில்லை. இடது பக்கம்னு ராத்திரியே சொன்னேனே."

"என்னால முடியாதுங்கய்யா."

"நேத்து டேபிள்ல பார்த்துக்கறேன்னியே?"

"நீங்கன்னு தெரியாது!"

"தெரியாத ஆளுன்னா முடியும்."

சிவநேசனுக்கு முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டியது. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தான். சிஸ்டர் ஃபிலோமினா கதவை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

டேபிள் பக்கம் திரும்பினான். ஊசியைப் பிடித்தபடியே கேட்டான்.

"எத்தனை நாளா இருக்குங்க?"

"ஒரு வருஷமா."

"கனமா எதாச்சும் தூக்கறீங்களா?"

"தண்ணிக் குடம். வேற யாரு தூக்குவா?"

"இருமல் உண்டுங்களா?"

மாசிலாமணி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி உன் எதிர்ல உட்கார்ந்துதானே இருமினேன். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி வேற கட்டியிருந்தேன்."

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கிற லுங்கி அது. பழகிய காலமெல்லாம் தினம் தினம் பார்த்தது. நேற்று ஒரு மேஜை அகலத்தில் அவர் எழுந்து கை கழுவப் போனபோதும் சிவநேசன் கண்ணில் படவில்லை.

அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. ஈரோட்டில் வாழைத்தார்க்காரரும் டேபிளில் படுத்து இருமினார். "அசையாம இருய்யா" என்று அதட்டிவிட்டுத் தைத்தான்.

ஊசியைத் தட்டில் வைத்தான்.

"இன்னைக்கு வேண்டாங்கய்யா. இருமலோட தெச்சா பிரிஞ்சிடும். முதல்ல அது அடங்கட்டும்."

"பெரிய டாக்டர் சொல்றேன், பண்ணு."

"உங்க டாக்டர் சொல்றேன், எந்திரிங்க."

சிஸ்டர் ஃபிலோமினா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

இருமல் அடங்கும்வரை சிவநேசன் ஊர் திரும்பவில்லை. வேளாவேளைக்கு மருந்து கொடுத்தான். தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கினான். ஈரோட்டுக்குப் போன் போட்டு, வாழைத்தார்க்காரரைக் காரில் அழைத்து வரச் சொன்னான்.

"பேரு என்னங்க டாக்டர்?" என்று அங்கிருந்து கேட்டார்கள்.

சிவநேசன் அதைக் கேட்டு வைத்துக்கொண்டதே இல்லை. "மார்க்கெட்ல போய் விசாரிங்க" என்றான்.

இருமல் அடங்கியதும் பெரியவருக்கு ஆபரேஷன் நடந்தது. அன்று திரை கட்டவில்லை. தையல் போட்டு முடிக்கிறவரை இரண்டு பேரும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே இன்னொரு வழக்கம். தைத்து முடித்ததும் நோயாளி டேபிளை விட்டுத் தானே இறங்கி நடக்க வேண்டும். தைத்தவர் கையைப் பிடித்து அறைவரைக்கும் கூட்டிப் போக வேண்டும். மாசிலாமணி மெல்ல இறங்கினார். சிவநேசன் கையை நீட்டினான். உள்ளே நடுங்காத கை இப்போது நடுங்கியது.

"என்ன, கை இப்படி ஆடுது?"

"நீங்கங்கறதாலங்கய்யா."

வராந்தா பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. ஈரோட்டிலிருந்து வந்த வாழைத்தார்க்காரர்.

"அடுத்தது நானுங்ளா டாக்டர்?"

"உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க, மயில்சாமி. பீடியை விட்டாச்சா?"

"விட்டாச்சுங்க. பாதி."

மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. சிவநேசனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மயில்சாமியைக் காட்டினார்.

"இவரைக் கூட்டிக்கிட்டு நடக்கறப்பவும் இந்தக் கை ஆடுச்சுன்னா, நான் உனக்குச் சொல்லித் தராதது ஒண்ணுமில்லை."